அணைக்குக் கீழே ஒரு மீன்காரர்

மாமா,

நேற்று மதியம் அத்தை என் செல்போன் ரிப்பேர் கடைக்கு வந்தார். கோம்பையிலிருந்து தனியாகப் பஸ் ஏறி உத்தமபாளையம் வந்திருக்கிறார், வருகிறேன் என்று ஒரு போன்கூடச் செய்யவில்லை. கையில் மஞ்சள் பை, பைக்குள் துண்டில் சுற்றிய உங்கள் டேப்லெட். துண்டைப் பிரித்தேனோ இல்லையோ, நீலகிரித் தைலத்தின் நெடி குப்பென்று அடித்தது. கடைசி மாதங்களில் கைக்கும் காலுக்கும் அதைப் பூசிக்கொண்டு, அந்தக் கையோடேயே திரையைத் தேய்த்துத் தேய்த்து விளையாடுவீர்கள். டச் போய்விடும் மாமா என்று எத்தனை தடவை சத்தம் போட்டிருப்பேன். டச் போகவில்லை. உங்கள் விரல் பட்ட எண்ணெய்த் தடம் இன்னும் கண்ணாடியில் இருக்கிறது. துடைக்கத் துணியை எடுத்துவிட்டுத் திரும்ப வைத்துவிட்டேன்.

"இதுக்குள்ள அவுக ஒரு நாய் வளத்தாகள்ல, அத ஒருக்க காட்டுங்க மாப்ள" என்றார் அத்தை.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. நீங்கள் விளையாடிய காலத்தில் ஒரு நாளாவது அந்தத் திரையைத் திரும்பிப் பார்த்தவரா அத்தை? ரிட்டையராகி வந்த மனுசன் பொம்மை வைத்து விளையாடுகிறார் என்று உங்கள் மகள் கவிதாவிடம் புகார் வாசித்தவர். இப்போது நாயைப் பார்க்க வேண்டுமாம். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, கஸ்டமர் உட்காரும் ஸ்டூலில் உட்கார்ந்தே விட்டார்.

சார்ஜில் போட்டு, உயிர் வரும்வரை காத்திருந்து, விளையாட்டைத் திறந்தேன். அப்டேட் கேட்டது, கொடுத்தேன். முடிந்ததும் பாஸ்வேர்டு கேட்டது. கவிதா பெயரைப் போட்டேன், நாயின் பெயரைப் போட்டேன், உங்கள் பழைய பைக்கின் நம்பரைப் போட்டேன். எதற்கும் மசியவில்லை. இந்த ஊரில் பேட்டர்ன் மறந்தவர்கள் பாதிப்பேருக்கு போனைத் திறந்துகொடுத்தவன் நான். உங்கள் ஒரு கதவு எனக்குத் திறக்கவில்லை. வேறு வழியாக முயன்றால் உங்கள் நம்பருக்கு ஓடிபி அனுப்புகிறேன் என்கிறது. அந்த நம்பருக்கு ரீசார்ஜ் செய்யாமல் விட்டோம், அது வேறு யாருக்கோ போய்விட்டது. கூப்பிட்டுப் பார்த்தேன். பெரியகுளத்தில் மாங்காய் வியாபாரம் பார்க்கும் ஒரு அம்மா எடுத்தார். "அம்மா, உங்களுக்கு ஒரு ஓடிபி வரும், அதைச் சொல்லுங்கள்" என்று கேட்டால் இந்தக் காலத்தில் எவர் சொல்வார்? நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். போலீசில் சொல்கிறேன் என்றார். வைத்துவிட்டேன். அத்தை என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் உங்கள் வீட்டு மாப்பிள்ளையாகி எத்தனையோ வருடம்வரை நமக்குள் இருந்த பேச்சு இரண்டே இரண்டு. "சாப்பிட்டீகளா மாப்ள?" "ஆச்சு மாமா." அதற்கு மேல் ஒரு சொல் ஓடாது. லோயர் கேம்ப் பவர் ஹவுஸில் வேலை முடித்து நீங்கள் வீட்டோடு வந்த பிறகுதான், பொழுது போகாமல் என் கடைக்கு வந்து உட்கார ஆரம்பித்தீர்கள். ஆள் வராத மதிய நேரத்தில் நான் போனில் அந்த விளையாட்டை ஆடுவேன். எங்கெங்கோ இருக்கிறவர்கள் ஆன்லைனில் ஒன்றுசேர்ந்து, மைக்கில் பேசிக்கொண்டே, வாளும் மந்திரக்கோலுமாக அரக்கர் கோட்டைகளைப் பிடிக்கும் விளையாட்டு. நீங்கள் எட்டிப் பார்த்துவிட்டு, "இந்தாளு எங்கன போறாரு?" என்று கேட்டீர்கள். எங்கேயும் போகலாம் மாமா என்றேன். "அப்படியா" என்றீர்கள். மறுநாளே யாரோ விற்றுவிட்டுப் போன பழைய டேப் ஒன்றைச் சரிபண்ணி உங்களுக்கு அதில் ஏற்றிக்கொடுத்தேன். மருமகன் பொறுப்பாக ஏதோ செய்கிறான் என்று கவிதாகூட நினைத்துக்கொண்டாள்.

கூட வளர்க்க ஒரு பிராணியைத் தேர்ந்தெடுக்கச் சொன்னபோது எல்லோரும் பறக்கும் பல்லியையும் வெள்ளைப் புலியையும் எடுக்கிறார்கள். நீங்கள் கடைசி வரைக்கும் தள்ளித் தள்ளிப் பார்த்து, செம்மண் நிறத்தில், பேர்போன நம் கோம்பை நாய் மாதிரியே ஒரு நாயை எடுத்தீர்கள். அதற்குச் சண்டை போடத் தெரியாது, சும்மா பின்னால் வரும். "கோம்பைக்காரன் நாய விட்டுட்டுப் பல்லிய வளப்பானா?" என்று கேட்டீர்கள். செவலை என்று பெயர் வைத்தீர்கள். ஊரே நம்மைப் பார்த்துச் சிரித்தது. நம் குழுவில் இருந்த ஜோமோன் மட்டும் சிரிக்கவில்லை. மலைக்கு அந்தப் பக்கம் கட்டப்பனையில் ஏலக்காய்க் கடையில் கணக்கெழுதும் அந்த மனிதரும் ஒரு நாய்ப் பைத்தியம். அவரிடம் நீங்கள் "ஊணு கழிச்சோ" என்று மலையாளத்தில் சாப்பாட்டை விசாரிப்பீர்கள், அவர் உங்களிடம் தமிழில் பதில் சொல்வார். நாலாவது ஆள் திருப்பூர்க்காரர். அவர்தான் நம் தலைவர், எதற்கெடுத்தாலும் அவசரம்.

அந்தப் புது மேப் திறந்த நாள் நினைவிருக்கிறதா மாமா? மாதக்கணக்காகக் காத்திருந்தோம், நீங்கள் கோம்பை வீட்டில், நான் கடையில். பெரிய பள்ளத்தாக்கு. உள்ளே போனால் நாம் நிற்கும் இடம் மட்டும்தான் தெரியும், மற்றதெல்லாம் கருப்பு. நடக்க நடக்க வெளுக்கும். திருப்பூர்க்காரர் புதையல் எங்கே, கோட்டை எங்கே என்று ஓடினார். நீங்கள் ஓடவில்லை. காதில் தண்ணீர்ச் சத்தம் கேட்கிறது என்று ஒரு ஓடையைக் கண்டுபிடித்து, அதன் கரையோடு மேலே நடந்தீர்கள். "தண்ணி எங்கிட்டு இருந்து வருது, எங்கிட்டுப் போகுதுன்னு பாத்துட்டா மத்தது தன்னால தெரியும் மாப்ள." சரி, கிழவர் வேடிக்கை பார்க்கட்டும் என்று நானும் பின்னால் வந்தேன். பாறை, மூங்கில், பாறை. திரும்பிய இடத்தில் அணை நின்றது. நீங்கள் அப்படியே நின்றுவிட்டீர்கள். பிறகு மெல்லச் சொன்னீர்கள், ஷட்டர் நாலு, கல்கட்டு நல்லாருக்கு, கசிவு இல்லை என்று. நான் சிரித்துவிட்டேன்.

அங்கேதான் எல்லாம் சிக்கியது. அந்த மேப்பின் வேலையே அணையை உடைப்பதுதான். நாலு பேர் நாலு சக்கரத்தை ஒரே சமயத்தில் திருப்ப வேண்டும். அணை உடைந்து, வெள்ளம் போய்க் கீழே அரக்கன் கோட்டையை அடித்துக்கொண்டு போகும், அடுத்த மேப்புக்கு வழி திறக்கும். மூன்று சக்கரத்தில் மூன்று பேர் நின்றோம். உங்களைக் காணோம்.

"மாமா, எங்க இருக்கீங்க?"

"கீழ வந்திருக்கேன். கோட்டைக்கு முன்னால ஒரு ஊரு இருக்கு மாப்ள. ஆளுக இருக்காக."

இருந்தார்கள்தான். கூரை வீடு நாலைந்து, வாத்தைத் துரத்தும் ஒரு பிள்ளை, தானியம் காயப்போடும் ஒரு பெண், கரையில் வலையோடு ஒரு மீன்காரர். விளையாட்டுக்காரர்கள் அழகுக்கு வைத்த பொம்மைகள். அருகில் போய்த் தொட்டால் ஒவ்வொருவரும் ஒரே ஒரு வாக்கியம் இங்கிலீஷில் சொல்வார்கள், எத்தனை தடவை தொட்டாலும் அதே வாக்கியம். மீன்காரர் சொன்னதை நீங்கள் எழுத்துக்கூட்டிப் படித்து எனக்குத் தமிழில் சொன்னீர்கள்: "இன்னைக்கு மீனு நல்லா விழும்கிறாரு."

திருப்பூர்க்காரர் பொறுமையாகத்தான் ஆரம்பித்தார். "ஏனுங்க பெரியவரே, அதெல்லாம் பொம்மைங்க. வந்து சக்கரத்தப் புடிங்க" என்றார். நீங்கள் கேட்கவில்லை. பவர் ஹவுஸில் தண்ணீர் திறக்குமுன் சங்கு ஊதும், ஊதினாலும் போதாது, ஒரு ஆள் கரையோடு போய்க் குளிக்கிறவர்களையும் மாடு கழுவுகிறவர்களையும் கத்தி மேலே ஏற்ற வேண்டும், வேலைக்குச் சேர்ந்த புதிதில் அந்த ஆள் நான்தான் என்று அவருக்கு விளக்கம் கொடுத்தீர்கள். பிறகு மீன்காரரிடம் போய் மைக்கில் கத்தினீர்கள்.

"யோவ், மேல தண்ணி தெறக்கப் போறாக. வலைய விட்டுட்டு மேட்டுக்கு ஏறுய்யா."

அவர் மீன் நல்லா விழும் என்றார்.

அப்போது என் எதிரில் தண்ணீரில் விழுந்த போனோடு ஒரு கஸ்டமர் நின்றிருந்தார். எனக்குச் சிரிப்பையும் அடக்க முடியவில்லை, உங்களை நிறுத்தவும் முடியவில்லை. ஜோமோனாவது சொல்லுவார் என்று பார்த்தேன். அவரோ, "சேட்டா, எனக்கும் இது வேண்டா" என்று சக்கரத்தை விட்டுவிட்டார். கட்டப்பனைக்காரர் ஒருவர், கோம்பைக்காரர் ஒருவர். அணை என்றால் மலைக்கு அந்தப் பக்கம் உடைந்துவிடுமோ என்று பயம், நம் பக்கம் தண்ணீர் நின்றுவிடுமோ என்று பயம். "நாம ரெண்டு பேரும் சேந்து ஒரு அணைய ஒடைச்சோம்னு தெரிஞ்சா ஊருக்குள்ள விடுவாகளா?" என்று நீங்கள் கேட்க, அவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

நாம் உடைக்காவிட்டால் என்ன மாமா. உலகத்தில் வேறு ஆளா இல்லை? நாம் பேசிக்கொண்டிருக்கும்போதே பெயர் தெரியாத நாலு பேர் மேலே போய்ச் சக்கரத்தைத் திருப்பினார்கள். வெள்ளம் எல்லோருக்கும் பொதுதான். வீடு, வாத்து, பிள்ளை, மீன்காரர், நீங்கள், நான், எல்லோரையும் புரட்டிக்கொண்டு போயிற்று. நாம் மேட்டில் கண்விழித்தோம், செவலை உங்கள் காலடியில் நின்றது. சற்று நேரத்தில் நீர் வடிந்து, கிராமம் பழையபடி முளைத்தது. மீன்காரர் வலையோடு உட்கார்ந்திருந்தார். "ஏலே செவலை, வாடா" என்று நாயைக் கூப்பிட்டுக்கொண்டு நீங்கள் மறுபடி கீழே இறங்கினீர்கள்.

அதற்குப் பிறகு தினமும் அதுதான். மீன்காரரைத் தள்ளிப் பார்த்தீர்கள், முன்னால் நின்று மறித்துப் பார்த்தீர்கள், தீ மூட்டிப் பயம் காட்டினீர்கள், மேட்டில் போய் மீனைப் போட்டுவைத்து ஆசை காட்டினீர்கள். எனக்கு ஒரு கட்டத்தில் எரிச்சலே வந்துவிட்டது. நகரும்படி அவரைச் செய்யவில்லை மாமா, செய்தவன் வைக்காத காலை நீங்கள் எப்படி நடக்க வைப்பீர்கள் என்று கேட்டேன். உங்கள் ஆளை மீன்காரர் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தினீர்கள்.

"சரி மாப்ள, நகர மாட்டேங்குறாக. கூடயாச்சும் நிப்போம்."

அப்படி நிற்க ஆரம்பித்தோம். மேலே யாரோ உடைப்பார்கள், சத்தம் முதலில் கேட்கும், நீங்கள் மீன்காரர் பக்கத்தில் போய் நின்றுகொள்வீர்கள், உங்கள் பக்கத்தில் நான், என் பக்கத்தில் ஜோமோன். தண்ணீர் வந்து மூடும். உங்கள் சங்காத்தமே வேண்டாமுங்க என்று திருப்பூர்க்காரர் வேறு ஆட்களைச் சேர்த்துக்கொண்டு அடுத்த மேப்புக்குப் போய்விட்டார்.

பிறகு உங்களுக்கு வயிற்று வலி வந்தது. வாயு என்றீர்கள், பெருங்காயம் குடித்தீர்கள், கண் மஞ்சளாகிற வரைக்கும் தைலம் தேய்த்தீர்கள். தேனியில் ஸ்கேன் எடுத்தோம், மதுரைக்கு அனுப்பினார்கள். கணையத்தில் கட்டி. ஆபரேஷன் செய்து பார்க்கலாம், உறுதி சொல்ல முடியாது, செய்யாவிட்டால் அதிக காலம் இல்லை என்றார் டாக்டர். நீங்கள் கையைக் கட்டிக்கொண்டு முழுவதையும் கேட்டீர்கள். வெளியே வந்ததும் ஊருக்குப் போவோம் என்றீர்கள். அவ்வளவுதான்.

மாப்பிள்ளை சொன்னால் அவர் கேட்பார் என்று குடும்பமே என் தலையில் கட்டியது. நான் என்னவெல்லாம் சொன்னேன் மாமா. கெஞ்சினேன், கோபப்பட்டேன், கவிதாவை அழவிட்டேன், பேரப்பிள்ளையை மடியில் உட்கார்த்தினேன். வாசலில் காரைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டு உங்கள் செருப்பை எடுத்துக் காலடியில் வைத்தேன். நீங்கள் செருப்பைப் பார்த்தீர்கள், என்னைப் பார்த்தீர்கள், "வேணாம் மாப்ள" என்றீர்கள். மறுநாள் வந்து கேட்டாலும் வேணாம் மாப்ள. அதற்கு மறுநாளும் அதே. எனக்குப் பைத்தியம் பிடிக்கிறாற்போல் இருந்தது.

"நீங்க அந்த மீன்காரன் மாதிரியே பண்றீங்க மாமா" என்று கத்திவிட்டேன்.

சிரித்தீர்கள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, வலிக்கிற அளவுக்குச் சிரித்தீர்கள். பிறகு சொன்னீர்கள்:

"அவரு காதுலயும் விழுந்திருக்கும் மாப்ள. தண்ணி தெறந்தாச்சு, இனிமே எங்கிட்டு ஓடுறதுன்னு உக்காந்திருப்பாரு. நான்தான் அவரப் போட்டு உசுர வாங்கிட்டேன்."

அன்று கொண்டுவந்திருந்த காரையும் திருப்பி அனுப்பினேன். அதற்குப் பிறகு மதுரைப் பேச்சை எடுக்கவில்லை. கடையைச் சாத்திவிட்டு மதியத்தில் கோம்பைக்கு வருவேன், கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அந்தப் பள்ளத்தாக்கைத் திறப்போம். முதலில் நீங்கள் ஆடினீர்கள். விரலில் சத்து போன பிறகு உங்கள் ஆளை நானே நடத்தினேன், நீங்கள் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். "எப்படி இருக்கு மாமா?" என்று கேட்டால், "இன்னைக்கு மீனு நல்லா விழும் மாப்ள" என்பீர்கள். நமக்குள் மட்டும் உள்ள பகடி. வலி அதிகமான நாளில்தான் அதை அடிக்கடி சொன்னீர்கள் என்பது எனக்குத் தெரியும். தெரிந்து என்ன செய்ய? "ஆமா மாமா, நல்லா விழும்" என்பேன். உங்களைக் கரையேற்ற முடியாத மருமகனால் முடிந்தது அதுதான்.

நேற்றைய கதைக்குத் திரும்புகிறேன். டேப் திறக்காது என்று அத்தையிடம் சொல்லிவிட்டேன். அந்த நாய் மாமா கணக்கில் இருக்கிறது, மாமா வந்தால்தான் அதுவும் வரும் என்றேன். அத்தை எழுந்திருக்கவில்லை. "அவுக எந்நேரமும் நின்ன எடத்தையாச்சும் காட்டுங்க" என்றார்.

என் போனைத் திறந்து, என் ஆளோடு உள்ளே போய், கரையோடு நடந்து கிராமத்துக்குக் கூட்டிப்போனேன். இது அணை, இது ஊர், இவர் மீன்காரர், மாமா இங்கனதான் நிப்பாக என்று ஒவ்வொன்றாகக் காட்டினேன். அத்தை போனைத் தன் கையில் வாங்கிக்கொண்டார். அணை உடைந்தால் இவர் என்ன ஆவார் என்று கேட்டார். போய்விடுவார் என்றேன். நகரச் சொல்லக்கூடாதா என்றார். மாமா சொல்லிச் சொல்லிப் பார்த்தார், அவருக்கு ஒரே ஒரு பேச்சுதான் தெரியும் என்றேன்.

"என்ன பேச்சு?"

"இன்னைக்கு மீன் நல்லா விழும்னு சொல்வாரு அத்தை."

அத்தை என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"இதையா அவுக சொல்லிக்கிட்டு இருந்தாக?"

அப்புறம்தான் எனக்கு விஷயம் தெரிந்தது. கடைசி வாரம், நான் சாமான் எடுக்கத் தேனிக்குப் போயிருந்த நாளில், நீங்கள் கண்ணை மூடிக்கொண்டு அதையே முனகியிருக்கிறீர்கள், மீனு நல்லா விழும், மீனு நல்லா விழும் என்று. மனுசனுக்கு மீன் மேல் ஆசை வந்துவிட்டது என்று அத்தை பதறிப்போய், ஆளை அனுப்பி ஆற்று மீனாகப் பார்த்து வாங்கிவரச் சொல்லி, காரம் குறைத்துக் குழம்பு வைத்திருக்கிறார். தண்ணீரே இறங்காத தொண்டை. அதில் ஒரு வாய் சோற்றைப் பிசைந்து ஊட்டியிருக்கிறார். நீங்கள் வாங்கியிருக்கிறீர்கள். வெகுநேரம் வாயிலேயே வைத்திருந்து விழுங்கிவிட்டு, நல்லாருக்கு என்றீர்களாம். அடுத்த வாய் முடியவில்லை. ஆசைப்பட்டுக் கேட்ட மனுசனுக்கு வயிறு நிறையக் கொடுக்க முடியவில்லையே என்று அத்தை இத்தனை மாதமாக அதையே நினைத்து வெந்துகொண்டிருந்திருக்கிறார். எங்கள் யாரிடமும் சொல்லவில்லை.

"அப்ப அவுக மீனு கேக்கலையா மாப்ள?"

கேட்கவில்லை அத்தை என்றேன்.

"கேக்கலைன்னா எதுக்கு அத வாங்கித் தின்னாக?"

எனக்குப் பதில் தெரியும் மாமா. உங்களுக்கும் தெரியும். ஊட்டியது அத்தையின் கை. கஸ்டமர் ஒருவர் வந்து போனில் ஒட்டும் ஸ்க்ரீன் கார்டு இருக்கிறதா என்றார். இல்லை என்று சொல்லி அனுப்பினேன், எதிரே கண்ணாடி அலமாரி முழுக்க ஸ்க்ரீன் கார்டு தொங்கியது.

அந்த நேரத்தில் மேலே யாரோ அணையை உடைத்தார்கள். சத்தம் கேட்டதும், போனைக் கொடுங்கள், வெளியே வந்துவிடலாம் என்று கையை நீட்டினேன். அத்தை கொடுக்கவில்லை. இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, தண்ணீர் வந்து மீன்காரரை மூடும்வரை கண்ணை எடுக்காமல் பார்த்தார். பிறகு நீர் வடிகிறவரை காத்திருந்தார். மீன்காரர் வலையோடு திரும்ப வந்து உட்கார்ந்ததும், முகத்துக்கு நேரே போனைக் கொண்டுபோய் மெல்லக் கேட்டார்.

"சாப்பிட்டீகளா?"

டேப் என்னிடமே இருக்கட்டும் என்று அத்தை விட்டுவிட்டுப் போனார். அதை விற்க மாட்டேன், திறக்கவும் என்னால் ஆகாது. செத்துப்போன போனைக் கொண்டுவந்து, அதற்குள் இருக்கிற போட்டோவை மட்டும் எடுத்துத் தா என்று கெஞ்சுகிறவர்கள் என் கடைக்கு வருவார்கள். முன்பெல்லாம் போயிருச்சு, வேற வாங்கிக்கங்க என்று ஒரே வெட்டாக வெட்டி அனுப்புவேன். இப்போது ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காரச் சொல்கிறேன். என்னால் ஒன்றும் ஆகப்போவதில்லை என்று எனக்குத் தெரியும். அவர்கள் எழுந்து போகிறவரைக்கும் நானும் எழுந்திருப்பதில்லை மாமா.